பஸ் எப்ப வரும்? ஆப் காட்டுற ஒத்தை நம்பரை நம்பி வீட்டை விட்டுக் கிளம்பலாமா?

1/
"பஸ் 12 நிமிடத்தில் வரும்" என்று போனில் ஒரு நம்பர் வருதே, அந்த 12 எப்படி வந்துச்சு, அது எவ்வளவு தப்பா இருக்கலாம்னு யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்காங்களா?

டாக்டருக்கு பஸ் நேரத்துல என்ன வேலைன்னு கேக்கலாம். என்கிட்ட வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க பஸ்லதான் வர்றாங்க. அவங்க எத்தனை மணிக்கு வந்து சேர்றாங்க என்பது, நான் எழுதித் தர்ற மாத்திரை அளவுக்கே அவங்க உடம்பைப் பாதிக்குது. கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

2/
முதல்ல சென்னை. மாநகர் போக்குவரத்துக் கழகம் 2022-ல் 'சென்னை பஸ்' செயலியைக் கொண்டுவந்துச்சு. பஸ் எங்கே வருது, உங்க ஸ்டாப்புக்கு எத்தனை நிமிஷத்துல வரும்னு அது காட்டும். 2025 செப்டம்பரில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூணையும் ஒரே இடத்தில் சேர்த்து 'சென்னை ஒன்' செயலி வந்துச்சு. கூகுள் மேப்ஸும் 2019-லேயே இந்தியாவில் 10 பெரிய நகரங்களுக்கு, சாலை நெரிசலைக் கணக்குல எடுத்து பஸ் பயண நேரம் காட்ட ஆரம்பிச்சுது. அதுல தமிழ்நாட்டுல இருந்து சென்னையும் கோவையும் இருந்துச்சு.

நல்ல முயற்சிதான். குறை சொல்ல வரல. ஆனா இந்த ஏற்பாடு நாளைக்கு நம்ம பக்கம் வரும்போது, நகரத்துக்குப் போட்ட அதே கணக்கை அப்படியே கொண்டுவந்து ஒட்டிடக்கூடாது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

3/
நம்ம பக்கம்னா குருவிகுளம். தென்காசி மாவட்டத்துல ஒரு ஒன்றியத்தோட தலைமையிடம். பெரிய ஆஸ்பத்திரின்னா ஒண்ணு சங்கரன்கோவில், இல்லேன்னா கோவில்பட்டி. ரெண்டுக்கும் பஸ் ஏறணும். சுத்துப்பட்டி கிராமங்கள்ல இருந்து வர்றவங்களுக்கு குருவிகுளம் வர்றதே ஒரு பஸ், அங்க இருந்து இன்னொரு பஸ்.

இந்த ஊர்கள்ல பெரும்பாலான ஸ்டாப்புல திரையும் கிடையாது, அட்டவணையும் கிடையாது. "காலைல எட்டு மணி வண்டி", "பள்ளிக்கூட வண்டி", "மத்தியான வண்டி" என்று மனசுல பதிஞ்ச நேரம்தான்.

4/
நகரத்துக்கும் இங்கேயும் ஒரே ஒரு பெரிய வித்தியாசம். பரபரப்பான நகர ரூட்டில் ஒரு பஸ்ஸை விட்டா பத்து, பதினஞ்சு நிமிஷத்துல அடுத்தது. இங்கே ஒரு வண்டியை விட்டா அடுத்தது ஒரு மணி நேரம் கழிச்சு வரலாம், சில கிராமத்துக்கு மத்தியானம்தான் வரும்.

அதனால அங்கே ஆப் 5 நிமிஷம் தப்பு பண்ணினா இழப்பு ஒரு பஸ், பத்து நிமிஷம். இங்கே அதே 5 நிமிஷத் தப்புக்கு ஒரு ஓபி போகும். அன்னைக்குக் கூலியும் போகும்.

என் டேபிள் முன்னால உக்காந்து நான் அடிக்கடி கேக்கிற வாக்கியம்: "எட்டு மணி வண்டி இன்னைக்கு வெள்ளனவே போயிட்டு சார்." வண்டி லேட்டா வந்துச்சுங்கிற புகாரை விட, சீக்கிரம் போயிட்டுங்கிற புகார்தான் எனக்குக் கவலை தருது. ஏன்னு சொல்றேன்.

5/
ஒரு சின்னக் கணக்கு. கற்பனைக் கணக்குதான், ஆனா உங்க ஊர் வண்டியை நினைச்சுக்கிட்டே படிங்க.

ஒரு பஸ் உங்க ஸ்டாப்புக்கு 8:10-க்கு வரணும். பத்து நாள் குறிச்சு வைக்கிறோம். வந்த நேரம்:
8:04, 8:06, 8:08, 8:09, 8:10, 8:11, 8:12, 8:15, 8:20, 8:35.

சராசரி போட்டுப் பாருங்க. சரியா 8:13 வரும். கணக்குப்படி தப்பே இல்லாத சராசரி.

இப்ப "பஸ் 8:13-க்கு வரும்" என்று திரையில் போடுறோம். நீங்களும் நம்பி சரியா 8:13-க்கு ஸ்டாப்புக்குப் போறீங்க. பத்து நாள்ல ஏழு நாள் பஸ் ஏற்கனவே போயிருக்கும்!

6/
எப்படி இப்படி ஆச்சு? அந்த ஒரே ஒரு 8:35 நாள் மொத்த சராசரியையும் பின்னால இழுத்துடுச்சு. பஸ் சீக்கிரம் வந்தா அஞ்சாறு நிமிஷம்தான் சீக்கிரம் வரும். லேட்டானா அரை மணி நேரம்கூட லேட்டாகும். இந்த மாதிரி ஒருபக்கமா நீண்டு கிடக்கிற விஷயத்துக்குச் சராசரி சொன்னா அது பயணிக்கு உதவாது.

7/
அப்ப என்ன காட்டணும்? பயணிக்கு உண்மையில் ரெண்டு தனித்தனிக் கேள்வி இருக்கு.

ஒண்ணு: நான் எத்தனை மணிக்கு ஸ்டாப்புல நிக்கணும்?
ரெண்டு: நான் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன்?

முதல் கேள்விக்கு, பஸ் எவ்வளவு சீக்கிரம் வர வாய்ப்பிருக்கோ அந்த நேரம்தான் பதில். மேலே உள்ள கணக்குல 8:04. ரெண்டாவது கேள்விக்கு, எவ்வளவு லேட்டாக வாய்ப்பிருக்கோ அந்த நேரம். ஏற முன்நேரம், சேர பின்நேரம். இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கிற ஒத்தை நம்பரை வெச்சு ஏறவும் திட்டம் போட முடியாது, இறங்கவும் முடியாது.

8/
மருத்துவத்துல இது எங்களுக்குப் பழகின விஷயம். ரெண்டு வகைத் தப்பு உண்டு. நோய் இல்லாதவருக்கு இருக்குன்னு சொல்றது ஒண்ணு, இருக்கிறவருக்கு இல்லைன்னு சொல்றது இன்னொண்ணு. ரெண்டும் தப்புதான், ஆனா ரெண்டுக்கும் விலை ஒண்ணு இல்ல. நெஞ்சு வலின்னு வர்றவருக்கு ஒரு இசிஜி கூடுதலா எடுத்தா நஷ்டம் கொஞ்சம். எடுக்காம வீட்டுக்கு அனுப்பிட்டா நஷ்டம் உயிர். அதனால நாங்க எந்தப் பக்கம் சாயணும்னு தெரிஞ்சே சாயுறோம்.

பஸ்ஸும் அப்படித்தான். பத்து நிமிஷம் கூடுதலா நின்னா கால் வலிக்கும். பத்து செகண்ட் தவறவிட்டா நாள் போச்சு. அப்ப திரையில் காட்டுற நேரமும் தெரிஞ்சே முன்பக்கம் சாயணும். "சராசரியா எங்க கணிப்பு சரி"ன்னு சொல்றது துறைக்கு நல்ல மார்க். ஸ்டாப்புல நிக்கிற அம்மாவுக்கு அதனால ஒண்ணும் இல்ல.

9/
"சேரும் நேரம்" தப்பானா உடம்புக்கு என்ன ஆகும்? மூணு உதாரணம்.

வெறும் வயித்துல ரத்தப் பரிசோதனைக்கு வர்றவங்க. நைட்டு எட்டு மணிக்குச் சாப்பிட்டு, காலைல எட்டரைக்கு ரத்தம் கொடுத்துட்டுச் சாப்பிடலாம்னு கிளம்புறாங்க. பஸ் ஒரு மணி நேரம் தள்ளிப்போய், அங்க வரிசையில ஒரு மணி நேரம் நின்னா, சாப்பிடாம இருந்த நேரம் 14 மணி நேரத்தைத் தாண்டுது. வயசான சுகர் நோயாளிக்கு இது விளையாட்டு இல்ல.

இன்சுலின் போடுறவங்க. நிறையப் பேர் போடுற வகை, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால போடுறது. "சங்கரன்கோவில் போய் இட்லி சாப்பிட்டுக்கலாம், அரை மணி நேரம்தானே" என்று வீட்டிலேயே ஊசி போட்டுட்டு பஸ் ஏறுறாங்க. வண்டி நடுவழியில நின்னா சுகர் இறங்கி, வேர்த்து, கை நடுங்கி, பஸ்லயே மயங்கலாம்.

டயாலிசிஸ் செய்றவங்க. பொதுவா வாரத்துக்கு மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் நாலு மணி நேரம். மெஷினுக்கு முறை வெச்சிருப்பாங்க. லேட்டா வந்தா அடுத்தவர் முறை இடிக்கும், இவருக்கு நேரம் குறையும். வீடு திரும்பும்போது கடைசி பஸ் இருக்குமாங்கிற பயம் வேற.

10/
சரி, ஆப் அந்த நம்பரை எப்படிப் போடுது? ஏதோ மந்திரம் இல்ல. பஸ்ல உள்ள ஜிபிஎஸ் கருவி சில விநாடிக்கு ஒரு தடவை தன் இடத்தை அனுப்புது. அங்க இருந்து உங்க ஸ்டாப்புக்கு எவ்வளவு தூரம், இந்தத் துண்டுச் சாலையில் இந்த நேரத்துல வண்டிகள் வழக்கமா என்ன வேகத்துல போயிருக்கு, இப்ப நெரிசல் எப்படி, இதையெல்லாம் சேர்த்து ஒரு கணிப்பு. அவ்வளவுதான்.

அதனால பஸ் ரெண்டு கிலோமீட்டர்ல இருக்கும்போது சொல்ற கணிப்பு பெரும்பாலும் சரியா இருக்கும். இருபது கிலோமீட்டர்ல இருக்கும்போது சொல்றதுல பிழை கூடும். வண்டி இன்னும் பஸ் ஸ்டாண்டை விட்டே கிளம்பலைன்னா? அப்ப ஜிபிஎஸ்ஸால ஒண்ணும் சொல்ல முடியாது. டிரைவர் டீ குடிச்சிட்டு எப்ப வண்டியை எடுப்பார்னு எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது.

11/
இங்கதான் பெரிய சிக்கல். நேரலைத் தகவல் இல்லாதப்ப பல செயலிகள் பேசாம அட்டவணை நேரத்தை எடுத்துப் போட்டுடும். அதே இடத்துல, அதே எழுத்துல. பார்க்கிறவருக்கு இது கண்ணால பார்த்துச் சொன்னதா, காகிதத்தைப் பார்த்துச் சொன்னதான்னு தெரியாது. சில செயலிகள்ல நிறம் மாறும், சின்னக் குறி இருக்கும். அதைக் கவனிக்கச் சொல்லி யார் நமக்குச் சொல்லிக் கொடுத்தாங்க?

லேப் ரிப்போர்ட்டை நினைச்சுப் பாருங்க. வெறும் "140" என்று மட்டும் அதுல இருக்காது. எந்தப் பரிசோதனை, வெறும் வயித்துலயா சாப்பிட்ட பிறகா, சரியான அளவு எதுல இருந்து எது வரைக்கும், எல்லாம் பக்கத்துல இருக்கும். அது இல்லாத ரிப்போர்ட்டை நான் கையில வாங்க மாட்டேன். பஸ் நேரத்துக்கு மட்டும் ஏன் வெறும் "12 நிமிடம்"?

12/
ரயில் பக்கம் பாருங்க. சங்கரன்கோவில் ஸ்டேஷன்ல பொதிகைக்குக் காத்திருக்கிறவங்க நிறையப் பேர் போன்ல 'வேர் இஸ் மை ட்ரெயின்' வெச்சிருக்காங்க. அதுல எனக்குப் பிடிச்ச விஷயம், எப்ப வரும்ங்கிற கணிப்போட நிறுத்தாம, எந்த ஸ்டேஷனைத் தாண்டியிருக்கு, எத்தனை மணிக்குத் தாண்டுச்சுங்கிற உண்மையையும் தனியா காட்டுது. கணிப்பு தப்பானாலும் அந்த உண்மையை வெச்சு நீங்களே முடிவு பண்ணலாம்.

நம்ம ஊர்ல இதைத்தான் போன் பண்ணிக் கேக்கிறோம். "ஏப்பா, வண்டி கழுகுமலை தாண்டிட்டா?" டீக்கடைக்காரர் சொல்ற அந்த ஒத்தை வரிக்கு, திரையில் காட்டுற "23 நிமிடம்" என்பதை விட மதிப்பு அதிகம். ஏன்னா அது பார்த்த விஷயம். எத்தனை நிமிஷம் ஆகும்னு அந்த ரோட்டைத் தெரிஞ்ச நமக்கே தெரியும். ஆடித்தபசு சமயத்துல சங்கரன்கோவிலுக்குள்ள வண்டி எப்படி நகரும்னு ஆப்பை விட நமக்கு நல்லாவே தெரியும்.

13/
"தகவல் கொடுத்தா மட்டும் பஸ் சீக்கிரம் வந்துடுமா?" வராது. ஆனா காத்திருப்பு மாறும். அமெரிக்காவுல சியாட்டில் நகரப் பயணிகளை வெச்சு ஒரு ஆய்வு 2011-ல் வெளியாச்சு. நேரலைத் தகவல் இல்லாதவங்க, தாங்க உண்மையில் காத்திருந்ததை விட அதிக நேரம் காத்திருந்ததா உணர்ந்தாங்க. போன்ல தகவல் பார்த்தவங்களுக்கு அந்த வித்தியாசம் இல்ல. லண்டன்ல 1992-லேயே ஸ்டாப்புல பலகை வெச்சு நேரம் காட்ட ஆரம்பிச்சதும் இதுக்குத்தான்.

டாக்டரா எனக்கு இது புதுசு இல்ல. "ரிசல்ட் எப்ப வரும்னு தெரியாது"ன்னு சொன்னா அந்தக் குடும்பம் தூங்காது. "வியாழன் இல்ல வெள்ளி வரும், வெள்ளிக்கு மேல போகாது"ன்னு சொன்னா தூங்கும். ஆனா "வியாழன் 11 மணி"ன்னு சொல்லி, அது வரலைன்னா? அடுத்த தடவை நான் எதைச் சொன்னாலும் நம்ப மாட்டாங்க. பஸ் திரைக்கும் அதே கதிதான்.

14/
எல்லாத்தையும் விட மோசமான தப்பு ஒண்ணு இருக்கு. டிரிப் கட். வண்டி ரிப்பேர், ஆள் பத்தல, கல்யாண முகூர்த்தத்துக்கு வேற பக்கம் போயிட்டு, காரணம் எதுவா இருந்தாலும் சரி. அன்னைக்கு அந்த டிரிப் கிடையாது. இது டெப்போவுக்குத் தெரியும், டைம் கீப்பருக்குத் தெரியும். ஸ்டாப்புல நிக்கிற கர்ப்பிணிப் பொண்ணுக்கு மட்டும் தெரியாது. அட்டவணையைக் காட்டுற ஆப்பும் "8 நிமிடம்", "5 நிமிடம்", "வந்துகொண்டிருக்கிறது" என்று வராத வண்டிக்கு நேரம் எண்ணிக்கிட்டே இருக்கும்.

நிமிஷக் கணக்கைத் துல்லியமாக்க எவ்வளவு செலவு பண்ணினாலும் சரி, அதுக்கு முன்னால "இன்று இந்த வண்டி இல்லை" என்று சொல்ற நேர்மை வேணும். அதுக்குச் செயற்கை நுண்ணறிவு எல்லாம் தேவையில்ல.

15/
எதிர்வாதங்களும் இருக்கு. மூணுக்குப் பதில் சொல்லிடுறேன்.

"முதல்ல பஸ்ஸைக் கூட்டச் சொல்லுங்க." சத்தியமா கூட்டணும். ஆனா பஸ் குறைவா இருக்கிற ஊருக்குத்தான் சரியான தகவல் அதிகமா தேவை. ரெண்டும் ஒண்ணுக்கு ஒண்ணு போட்டி இல்ல.

"ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டிக்கு என்ன?" நியாயமான கேள்வி. அதனாலதான் ஆப் மட்டும் போதாதுங்கிறேன். ஸ்டாப்புல பெயின்ட்ல எழுதின ஒரு நேரப் பலகை, அதுல "இந்த நேரத்துக்கு முன் வண்டி எடுக்கப்படாது" என்று ஒரு வரி, சாதா போன்ல கூப்பிட்டா பதில் சொல்ற ஒரு நம்பர். இவ்வளவு போதும்.

"நேரத்தைக் காட்டினா பயணிங்க கண்டக்டர்கிட்ட சண்டைக்கு வருவாங்க, டிரைவர் வேகமா ஓட்டுவார்." இது எனக்கும் உண்மையான பயம். சாலை விபத்துல வர்றவங்களைத் தையல் போடுற கை இது. ஆனா அந்த நெருக்கடியைத் தர்றதே ஒத்தை நம்பர்தான். "8:40-க்குச் சேரும்" என்று போட்டா 8:45 தாமதம். "8:35-க்கும் 8:55-க்கும் நடுவில்" என்று போட்டா டிரைவரும் நிம்மதியா ஓட்டலாம், பயணிக்கும் பொய் சொன்ன மாதிரி ஆகாது.

16/
கருவி இல்லையேன்னு சொல்லவும் முடியாது. 2019-ல் இருந்து புதுசா பதிவாகிற பயணிகள் பஸ்கள்ல இருப்பிடம் காட்டும் கருவியும் அவசர பட்டனும் இருக்கணும்னு மத்திய அரசோட மோட்டார் வாகன விதி சொல்லுது. ஆக, கருவி புது வண்டியோடவே வரணும். அது அனுப்புற தகவல் அலுவலகத்துக் கம்ப்யூட்டரோட நிக்காம ஸ்டாப்பு வரைக்கும் வரணும்.

அப்படி வரும்போது நாம கேக்க வேண்டியது அஞ்சே அஞ்சு:

ஒத்தை நம்பர் வேண்டாம், "இதிலிருந்து இது வரை" என்று காட்டுங்க.
நேரலையா, அட்டவணையா என்று பக்கத்துலயே தமிழ்ல எழுதுங்க.
வண்டி கடைசியா எந்த ஊரைத் தாண்டுச்சு, எத்தனை மணிக்கு என்று காட்டுங்க.
டிரிப் கட் ஆனா உடனே சொல்லுங்க.
குறிச்ச நேரத்துக்கு முன்னால ஸ்டாப்பை விட்டு வண்டியை எடுக்காதீங்க.

அஞ்சாவதுதான் எல்லாத்தையும் விட சல்லிசு. வண்டி சீக்கிரம் வந்துட்டா ரெண்டு நிமிஷம் நிறுத்தி வைக்கணும், அவ்வளவுதான்.

17/
அதுவரைக்கும் நீங்க பண்ண வேண்டியது, டாக்டர் அறிவுரையாவே எடுத்துக்கோங்க:

வழக்கமா போற வண்டிக்கு ஒரு பத்து நாள் நேரம் குறிச்சு வையுங்க. காலண்டர் ஓரத்துலயே குறிக்கலாம். அதுல மிகச் சீக்கிரம் வந்த நாள்தான் நீங்க ஸ்டாப்புல நிக்க வேண்டிய நேரம். மிக லேட்டா போய்ச் சேர்ந்த நாளை வெச்சு அப்பாயின்ட்மென்ட் வாங்குங்க.

ரத்தப் பரிசோதனைக்குச் சாப்பிடாம வந்தா, காலை சுகர் மாத்திரையையும் ஊசியையும் வீட்டிலேயே போடாதீங்க. கையில கொண்டு வாங்க. கூடவே டிபன் டப்பாவும் வரணும். ரத்தம் கொடுத்துட்டு, சாப்பாடு முன்னால இருக்குன்னு உறுதியான பிறகு போட்டுக்கலாம். உங்க டாக்டர் வேற மாதிரி சொல்லியிருந்தா அதையே கேளுங்க.

சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்கிற எல்லாரும் பஸ் ஏறும்போது பையில கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ வெச்சிருங்க. வேர்த்து, படபடன்னு வந்தா உடனே வாயில போடுங்க, பக்கத்து சீட்டுக்காரர்கிட்டயும் சொல்லுங்க.

18/
ஒண்ணை மட்டும் மறந்துடாதீங்க. நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் இழுக்குது, வாய் கோணுது, பேச்சு குளறுது, பிரசவ வலி, இதுக்கெல்லாம் எந்த பஸ் நேரத்தையும் பார்க்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. பக்கவாதத்துக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். அதுல ஒரு மணி நேரத்தை பஸ் ஸ்டாப்புல விட்டா திரும்பக் கிடைக்காது.

19/
ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு வார்த்தை, எங்களையும் சேர்த்துத்தான். தூரத்துக் கிராமத்துல இருந்து பஸ்ல வர்றவருக்கு "9 மணிக்கு வாங்க" என்று ஒத்தை நேரம் எழுதிக் கொடுக்காம, எந்த பஸ்ஸில் வர்றீங்கன்னு முதல்ல கேக்கணும். சீட்டுல அதையும் எழுதணும். லேட்டா வந்தவரைத் திட்டுறதுக்கு முன்னால, வண்டி எப்ப வந்துச்சுன்னு கேக்க அரை நிமிஷம் போதும்.

20/
குருவிகுளம், திருவேங்கடம், கழுகுமலை, சங்கரன்கோவில் பக்கத்து மக்களே, உங்க ஸ்டாப்புல காலை முதல் வண்டி அட்டவணைப்படி எத்தனை மணிக்கு, போன வாரம் உண்மையில் எத்தனை மணிக்கு வந்துச்சு? ஸ்டாப் பேரோட கமெண்ட்ல போடுங்க. டிரைவர், கண்டக்டர் பேரு வேண்டாம், அவங்க மேல பழி போடுறது நோக்கம் இல்ல. நேரம் மட்டும் போதும். பத்து ஊர் கணக்கு சேர்ந்தா, அதைக் கையில வெச்சுக்கிட்டு டெப்போவுல போய்ப் பேசலாம். நானும் வர்றேன்.